யாரும் பாலிசி தராத கூரை கம்பெனி: ஒரு வொர்க்கர்ஸ் காம்ப் கோப்பின் கதை

வொர்க்கர்ஸ் காம்ப் என்பது வேலையில் அடிபடும் தொழிலாளிகளுக்காக அமெரிக்காவில் முதலாளி எடுக்கும் இன்சூரன்ஸ். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஒரே கம்பெனியின் கதை அல்ல. எங்கள் கைக்கு வந்த ஒரே மாதிரியான சில கோப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கி, கணக்கு எளிதாகப் புரிவதற்காக எண்களை முழுத்தொகையாக்கி, மாநிலத்தின் பெயரையும் விட்டுவிட்டேன். விகிதங்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஆனால் நடைமுறை ஏறக்குறைய இதுதான்.

அமெரிக்காவின் தெற்கே ஒரு மாநிலம். வீடுகளுக்குக் கூரை போடும் சிறிய கம்பெனி, ஏழெட்டு பேர் வேலை செய்கிறார்கள், வருடச் சம்பளச் செலவு 3,00,000 டாலர். 2018-இல் ஒரு தொழிலாளி கூரையிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து மாதக்கணக்கில் வேலைக்கு வர முடியாமல் போனது. அதே வருடம் ஆணி குத்தியது, கை கிழிந்தது என்று சின்னச் சின்னதாகவும் சில கிளெய்ம்கள். 2019-க்கு அவர்கள் கட்டிய பிரீமியம் 54,000. அந்த வருடம் முடியும் முன்பே, பாலிசியைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. வேறு கம்பெனிகளிடம் கேட்டால் ஒன்று வேண்டாம் என்கிறார்கள், இல்லையென்றால் பதிலே இல்லை.

முதலாளிக்குப் பயங்கரக் கோபம். இத்தனை வருடம் ஒழுங்காகப் பணம் கட்டினேன், ஒரே ஒரு பெரிய விபத்து, அதற்கே தூக்கி எறிவார்களா என்று. நியாயமான கோபம்தான், ஆனால் எதிர்ப்பக்கக் கணக்கும் உண்டு. வருடம் 54,000 கட்டும் ஒரு கம்பெனியில் ஒருவர் கூரையிலிருந்து விழுந்தால் மருத்துவச் செலவும் சம்பள ஈடும் சேர்ந்து பல வருடப் பிரீமியத்தை ஒரே நாளில் சாப்பிட்டுவிடும். அதனால் கூரை வேலை, மரம் வெட்டுதல் போன்ற தொழில்களை நிறைய கம்பெனிகள் தொடுவதே இல்லை. விபத்தே நடக்காத புதுக் கம்பெனிக்கும் இதே கதிதான், ஏனென்றால் அவர்களைப் பற்றித் தீர்மானிக்க எந்தப் பழைய விவரமும் கையில் கிடையாது.

அப்படியானால் இன்சூரன்ஸ் இல்லாமல் தொழில் நடத்தலாமா என்றால், முடியாது. தனியார் முதலாளிகள் விரும்பினால் மட்டும் சேரலாம் என்று டெக்ஸாஸில் இருப்பதுபோல மற்ற மாநிலங்களில் அநேகமாக இல்லை. எத்தனை பேர் வேலை செய்தால் கட்டாயம் என்பது மட்டும் இடத்துக்கு இடம் மாறும், கட்டடத் தொழிலுக்குப் பல மாநிலங்களில் ஒருவர் இருந்தாலே கட்டாயம். விஸ்கான்சின் 1911-இல் கொண்டுவந்த சட்டத்திலிருந்து தொடரும் பேரம் இது: யார் மேல் தப்பு என்று கேட்காமல் முதலாளி மருத்துவச் செலவையும் சம்பளத்தில் ஒரு பங்கையும் தர வேண்டும், பதிலுக்குத் தொழிலாளி அவர் மேல் வழக்குப் போட முடியாது. பாலிசி இல்லாத முதலாளி அந்தப் பாதுகாப்பை இழப்பார், அபராதம் வரும், வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவும் வரலாம். இப்படிச் சட்டம் போட்டுவிட்டு, விற்க யாரும் இல்லை என்று அரசு கையை விரிக்க முடியாதல்லவா. அதனால்தான் எல்லா மாநிலங்களிலும் கடைசிக் கதவு என்று ஒன்று இருக்கிறது. ஒஹையோ, வாஷிங்டன், நார்த் டகோட்டா, வயோமிங் நான்கிலும் தனியார் கம்பெனிகளே இதை விற்க முடியாது, மாநில நிதியம்தான் எல்லோருக்கும். வேறு சில மாநிலங்களில் மாநிலமே உருவாக்கிய ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி, கேட்பவருக்கெல்லாம் பாலிசி தந்தாக வேண்டும். மீதிப் பல இடங்களில் அசைன்ட் ரிஸ்க் திட்டம், அதாவது யாரும் ஏற்காத முதலாளியை ஒரு கம்பெனியிடம் ஒதுக்கிவிடுவது, பேச்சுவழக்கில் 'பூல்'. அந்த மாநிலங்களில் பெரும்பாலானவற்றில் இதை நடத்துவது ஃபுளோரிடாவின் போகா ரட்டோனில் இருக்கும் என்.சி.சி.ஐ. என்ற அமைப்பு.

பூல் என்றதும் அரசாங்க அலுவலகம் மாதிரி ஏதோ ஒன்று என்று முதலாளி நினைத்துக்கொண்டார். உண்மையில் கைக்கு வரும் பாலிசியில் ஒரு சாதாரண இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர்தான் இருக்கும். அந்தக் கம்பெனி கட்டணம் வாங்கிக்கொண்டு பாலிசி எழுதும், கிளெய்ம் பார்க்கும், வருடக் கடைசியில் உண்மையான சம்பளக் கணக்கைச் சரிபார்த்து ஆடிட் செய்யும். நஷ்டம் மட்டும் அதன் தலையில் விழாது. அந்த மாநிலத்தில் வொர்க்கர்ஸ் காம்ப் விற்கும் எல்லாக் கம்பெனிகளும், தாங்களாக விரும்பி விற்ற வியாபாரத்தின் அளவுக்கு ஏற்ப, அதைப் பங்குபோட்டுக்கொள்ளும். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் வேண்டியிருக்கும். தொழிலாளிக்கு இதில் எந்த வித்தியாசமும் இல்லை, சட்டப்படி கிடைக்க வேண்டியது அப்படியே கிடைக்கும்.

சரி, விண்ணப்பம். பொதுவாக இரண்டு கம்பெனிகள் மறுத்திருக்க வேண்டும், மறுத்தது சமீபத்தில் நடந்திருக்க வேண்டும். ஏஜென்ட் மூலம் போடலாம், ஆனால் பூலில் ஏஜென்ட் முதலாளியின் ஆள்தான், இன்சூரன்ஸ் கம்பெனியின் சார்பில் 'இன்றிலிருந்து பாதுகாப்பு உண்டு' என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. முன்பணத்தோடு விண்ணப்பம் சரியாகப் போய்ச் சேர்ந்தால்தான் மறுநாள் நள்ளிரவு 12:01-க்குப் பாதுகாப்பு தொடங்கும். பழைய பாலிசி முடியும் நாளன்று சாயங்காலம் வந்து நிற்பவர்களுக்கு இது புரிவதே இல்லை.

நம் கம்பெனியின் விண்ணப்பம் முதல் தடவை திரும்பி வந்தது. காரணம், பழைய பாக்கி. முந்தைய இன்சூரன்ஸ் கம்பெனி பாலிசி வருடம் முடிந்ததும் ஆடிட் செய்து 12,960 டாலருக்கு ஒரு பில் அனுப்பியிருந்தது, முதலாளி அதை ஏதோ தவறான பில் என்று ஒதுக்கி வைத்திருந்தார். மறுப்புத் தெரிவிக்காமல் நிலுவையில் இருக்கும் பிரீமியம் பாக்கியோடு பூலுக்குள் நுழைய முடியாது. எழுத்தில் முறையாக மறுப்புத் தெரிவித்திருந்தால் வேறு விஷயம், பேசாமல் டிராயரில் போட்டு வைத்தால் அது ஒப்புக்கொண்ட கடன்தான்.

அந்தப் பில் எங்கிருந்து வந்தது? அவர் இரண்டு துணை ஒப்பந்தக்காரர்களிடம் கூலி வேலை மட்டும் கொடுத்திருந்தார், ஒருவருக்கு 50,000, இன்னொருவருக்கு 30,000. இருவரிடமும் இன்சூரன்ஸ் சான்றிதழ் வாங்கி வைக்கவில்லை. சான்றிதழ் இல்லாத துணை ஒப்பந்தக்காரரின் ஆட்களும் உங்கள் ஆட்களாகவே கணக்கில் வருவார்கள். சம்பளப் பதிவு எதுவும் இல்லையென்றால், கூலி மட்டும் உள்ள ஒப்பந்தத்தில் குறைந்தது 90 சதவீதத்தைச் சம்பளமாக எடுத்துக்கொள்வார்கள், பொருளும் கூலியும் சேர்ந்தால் குறைந்தது 50. ஆக 80,000-க்கு 72,000. நூறு டாலர் சம்பளத்துக்கு 20 டாலர் விகிதம், அதில் அவருக்குக் கிடைத்திருந்த 10 சதவீதத் தள்ளுபடி போக, சரியாக 12,960. பில்லில் தப்பே இல்லை. ஆனால் பெரிய துணை ஒப்பந்தக்காரரிடம் உண்மையில் பாலிசி இருந்தது! அவருடைய ஏஜென்டிடம் கேட்டு அந்தத் தேதிகளுக்கான சான்றிதழை வாங்கி அனுப்பியதும் பில் 4,860-ஆக இறங்கியது. அதைக் கட்டியதும் கதவு திறந்தது. ஒரே ஒரு காகிதத்துக்கு 8,100 டாலர். இந்தத் தொழிலில் இப்படி அடிக்கடி நடக்கிறது, கேட்க ஆள் இல்லாததால்தான் பலர் முழுசாகக் கட்டுகிறார்கள்.

இதற்கு நடுவில் அவருக்கு யாரோ ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள்: இந்தக் கம்பெனியை மூடிவிட்டு மனைவி பெயரில் புதிதாக ஒன்றைத் திறந்துவிடுங்கள், பழைய விபத்தெல்லாம் அழிந்துவிடும். அழியாது. உரிமையாளர் மாறினால் அதற்கென்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அதே தொழிலை அதே ஆட்களை வைத்து நடத்தினால் பழைய விபத்துக் கணக்கு புதுக் கம்பெனிக்கும் பின்னாலேயே வந்துவிடும். மறைத்தால் அது மோசடி. இந்த யோசனையை நான் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

இப்போது விலை. இந்தத் தொழிலில் 'மாட்' என்று ஒரு பெருக்கு எண் உண்டு, உங்களைப் போன்ற தொழில் செய்பவர்களுக்கு எதிர்பார்க்கும் நஷ்டத்தோடு உங்கள் நஷ்டத்தை ஒப்பிட்டுப் போடுவது. சராசரியென்றால் 1. இதில் மூன்று வருட விவரம் எடுப்பார்கள், கடைசியாக முடிந்த வருடத்தை விட்டுவிடுவார்கள். அதனால்தான் 2018 விபத்து 2019-இல் எதுவும் செய்யாமல் 2020-இல் வந்து மாட்டை 1.30 ஆக்கியது. 2020, 2021, 2022 மூன்று வருடமும் அது ஒட்டிக்கொண்டிருக்கும், 2023-இல்தான் விலகும்.

பழைய இடத்திலேயே இருந்திருந்தால் 3,00,000 சம்பளத்துக்கு 20 விகிதத்தில் 60,000, அதை 1.30-ஆல் பெருக்கினால் 78,000. பூலில் விகிதமே கூடுதல், இந்தக் கணக்குக்கு 25 என்று வைத்துக்கொள்வோம்: 75,000, மாட் சேர்ந்து 97,500. அதோடு நிற்காது. மாட் 1-க்கு மேல் இருப்பவர்களுக்கு மட்டும் பூலில் இன்னொரு கூடுதல் கட்டணம் பல மாநிலங்களில் உண்டு, அதை 1.15 என்று எடுத்தால் 1,12,125. தள்ளுபடி எதுவும் கிடையாது. 54,000 கட்டியவருக்கு இரண்டு மடங்குக்கு மேல்.

அவர் கேட்டார்: இது தண்டனையா? ஒரே விபத்துக்கு மாட்டிலும் அடித்து, விகிதத்திலும் அடித்து, கூடுதல் கட்டணத்திலும் அடிப்பது எந்த ஊர் நியாயம்? வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் பூல் மலிவாக இருந்தால் என்ன ஆகும் என்று மெய்ன் மாநிலம் ஏற்கெனவே பார்த்துவிட்டது, அந்தக் கதையைச் சொல்லாமல் இந்த விலையை விளக்க முடியாது.

1980-களில் மெய்னில் விபத்துச் செலவுகள் ஏறிக்கொண்டே போயின, விலையை ஏற்ற அரசு இன்சூரன்ஸ் கம்பெனிகள் கேட்ட அளவுக்கு அனுமதி தரவில்லை. நஷ்டத்துக்கு விற்க யாருக்கும் விருப்பமில்லை, அதனால் கம்பெனிகள் ஒவ்வொரு முதலாளியாகப் பூலுக்குத் தள்ளின. பூலின் விலையும் போதாத விலைதான், அங்கே நஷ்டம் குவிந்தது. நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன வரி இங்கேதான் வருகிறது. பூல் நஷ்டத்தைக் கம்பெனிகள் தாங்களாக விற்ற வியாபாரத்தின் அளவுக்குப் பங்குபோட வேண்டும் என்றால், விரும்பி எழுதும் ஒவ்வொரு நல்ல பாலிசியோடும் பூல் நஷ்டத்தில் ஒரு துண்டும் சேர்ந்து வருகிறது. நல்ல வியாபாரம் செய்தால்தான் அபராதம்! அப்படியிருக்க யார் விற்பார்கள்? விற்பது குறையக் குறைய மிஞ்சியிருப்பவர்களின் பங்கு பெரிதாகும், அவர்களும் கிளம்புவார்கள். 1990-களின் தொடக்கத்தில் மெய்ன் சந்தையில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு பூலில் இருந்தது. கடைசிக் கதவாக வைத்தது ஊரே நுழையும் வாசலாகிவிட்டது. விபத்தே இல்லாத அலுவலகங்கள்கூட அங்கேதான் நின்றன.

அது அரசியலையும் விட்டுவைக்கவில்லை. 1991 ஜூலையில், வொர்க்கர்ஸ் காம்ப் சட்டத்தைத் திருத்தாமல் பட்ஜெட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஆளுநர் ஜான் மெக்கெர்னன் நின்றதில் மாநில அரசாங்கமே இரண்டு வாரத்துக்கு மேல் மூடிக் கிடந்தது. அடுத்த வருடம் புதுச் சட்டம் எழுதப்பட்டு, 1993 ஜனவரி 1 முதல் முதலாளிகளுக்கே சொந்தமான பரஸ்பர இன்சூரன்ஸ் கம்பெனியான மெமிக் வேலையைத் தொடங்கியது, பழைய பூலுக்குப் பதிலாக. இன்றைக்கும் மெய்னில் கடைசிக் கதவு அதுதான். அதே 1990-களில் டெக்ஸாஸ், லூசியானா, கென்டக்கி, மிசௌரி என்று வேறு மாநிலங்களும் இதே வழியில் தங்களுக்கென்று ஒரு கம்பெனியை உருவாக்கின. அந்தக் காலத்தில் நாடு முழுக்கவே இந்தச் சந்தையில் கால் பங்குக்கு மேல் பூல்களில் கிடந்தது. அந்தச் சூட்டில் பிறந்தவைதான் இந்தக் கூடுதல் கட்டணங்களும் தனி விகிதங்களும்: பூல் தன் செலவைத் தானே தாங்க வேண்டும், வெளியே வேறு வழி உள்ளவருக்கு உள்ளே வர ஆசையே வரக்கூடாது.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. பூலில் உள்ள பாலிசிகளில் பெரும்பாலானவை மிகச் சிறியவை, இரண்டு மூன்று பேரை வைத்துத் தொழில் செய்பவர்கள். மாட் போடும் அளவுக்குப் பிரீமியம்கூட இல்லாத அவர்களுக்கு, கவனமாக வேலை செய்தாலும் விலை குறைய வழி மிகக் குறைவு. அவர்களை விரட்டும் விலை நியாயமா என்றால் என்னிடம் நல்ல பதில் இல்லை. நம் கூரை கம்பெனிக்கு அப்படியில்லை, அவர் கையில் சில நெம்புகோல்கள் இருந்தன.

முதலாவது சம்பளக் கணக்கு. அவருடைய ஆட்கள் கூரை மட்டும் போடவில்லை, தனி ஒப்பந்தங்களில் வீட்டுப் பின்புறத் தளம், படிக்கட்டு என்று தச்சு வேலையும் செய்தார்கள். கட்டடத் தொழிலில் ஒரே ஆளின் சம்பளத்தை வேலைக்குத் தகுந்தபடி பிரிக்கலாம், ஆனால் எந்த நாளில் எத்தனை மணி நேரம் எந்த வேலை என்று பதிவு இருக்க வேண்டும். இல்லையென்றால் முழுச் சம்பளமும் அதிக விகிதமுள்ள வகையில், அதாவது கூரையில், போய் விழும். அவரிடம் இருந்தது 'வாரம் 40 மணி' என்று மட்டும் எழுதிய தாள். அதை மாற்றி, ஒவ்வொரு நாளும் வேலை இடமும் வேலை வகையும் எழுதும் நேர அட்டை போட்டார்கள். மேஸ்திரிக்கு முதலில் எரிச்சல், அப்புறம் பழகிவிட்டது. ஓவர்டைமிலும் ஒன்று உண்டு: ஒன்றரை மடங்கு கொடுக்கும்போது அந்த அரை மடங்கு பிரீமியக் கணக்கில் வரக்கூடாது, தனியாக எழுதி வைத்திருந்தால். 30,000 ஓவர்டைம் சம்பளத்தில் 10,000 கழிந்தது. தச்சு வேலைக்கு 60,000 பிரிந்தது, அதற்கு விகிதம் 10. ஆக கூரைக்கு 2,30,000-க்கு 57,500, தச்சுக்கு 6,000, கூட்டினால் 63,500, மாட்டும் கூடுதல் கட்டணமும் சேர்ந்து 94,932. விபத்து, விகிதம் எதுவும் மாறாமல், எழுதி வைத்ததற்கு மட்டும் 17,000 டாலருக்கு மேல் மிச்சம்.

இரண்டாவது திறந்திருக்கும் கிளெய்ம். மாட் போடும்போது இதுவரை கொடுத்த பணத்தை மட்டும் பார்ப்பதில்லை, இனிமேல் ஆகும் என்று கிளெய்ம் பார்ப்பவர் ஒதுக்கி வைத்திருக்கும் தொகையும் சேரும். பாலிசி தொடங்கி 18-ஆவது மாதம், 30-ஆவது, 42-ஆவது மாதம் என்று குறித்த நாட்களில் ஒரு படம் எடுப்பதுபோல அந்தத் தொகையைப் பதிவார்கள். இடுப்பு உடைந்தவர் குணமாகி வேலைக்குத் திரும்பி வெகு நாட்கள் ஆகியும் கோப்பில் பெரிய தொகை ஒதுக்கியபடியே கிடந்தது. அடுத்த பதிவு தேதிக்கு முன்னால் அதை மறுபரிசீலனை செய்யச் சொல்லி எழுதினோம், மருத்துவரின் விடுவிப்புக் கடிதத்தோடு. தொகை இறங்கியது, 2021-இல் மாட் 1.22. தேதி தாண்டியபின் எழுதியிருந்தால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது சின்ன காயங்கள். மாட் கணக்கில், மொத்தச் செலவு ஒன்றேயானாலும், ஒரு பெரிய விபத்தை விட அடிக்கடி வரும் சின்ன விபத்துகள் அதிகம் வலிக்கும், ஒவ்வொரு கிளெய்மின் முதல் பகுதி முழுசாகக் கணக்கில் வரும், அதற்கு மேல் உள்ளது ஓரளவுக்குத்தான். அந்த முதல் பகுதி 2013 வரை 5,000 டாலராக இருந்தது, அந்த வருடம் 10,000 ஆக்கி அப்புறமும் ஏற்றினார்கள், அதாவது சின்னவற்றின் வலி கூடியது. ஆனால் சம்பள ஈடு இல்லாமல் மருத்துவச் செலவோடு முடியும் கிளெய்மில் பெரும்பாலான மாநிலங்களில் 30 சதவீதம்தான் கணக்கில் வரும். கையில் தையல் போட்டவரை வீட்டுக்கு அனுப்பாமல், மருத்துவர் சம்மதித்தால், பொருட்கள் வாங்கி வர, அளவு குறிக்க, சான்றிதழ்களைச் சேகரிக்க வைத்துக்கொள்ளலாம், சம்பளமும் நிற்காது. காயத்தை மறைக்கச் சொல்லும் முதலாளிகளும் உண்டு. அது சட்ட விரோதம் மட்டுமல்ல, தாமதமாகச் சொன்ன காயம் பெரும்பாலும் அதிகச் செலவு வைக்கும்.

பூலில் இருந்த காலத்தில் அவர் இழந்த ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். பக்கத்து மாநிலத்தில் ஆலங்கட்டி மழை பெய்து ஒரு ஊர் முழுக்கக் கூரைகள் ஓட்டையாகிவிட்டன, நல்ல வேலை. ஆனால் பூல் பாலிசியில் வேறு மாநிலத்துக்கான பாதுகாப்பு மிகக் குறுகியது, அங்கே போய் ஆள் எடுத்து வேலை செய்தால் அது கைகொடுக்காது. போக வேண்டாம் என்று சொன்னோம். அவர் முனகிக்கொண்டே கேட்டுக்கொண்டார். இன்னொரு சின்ன விஷயம்: முதலாளியின் பொறுப்புக்கான (விதிவிலக்காக அவர் மேல் வழக்கு வந்தால் பாலிசி தரும் தொகைக்கான) அடிப்படை வரம்பு ஒரு விபத்துக்கு 1,00,000 டாலர்தான். பெரிய ஒப்பந்தக்காரர்கள் 5,00,000-மோ 10,00,000-மோ கேட்பார்கள். விண்ணப்பத்திலேயே கேட்டால் கொஞ்சம் கூடுதல் பணத்துக்கு ஏற்றித் தருவார்கள், கேட்காவிட்டால் யாரும் தானாக ஏற்றித் தருவதில்லை.

வெளியே வரும் முயற்சியைப் புதுப்பிக்கும் மாதத்துக்கு என்று ஒத்திப்போட வேண்டியதில்லை, வெளியில் ஒரு கம்பெனி ஏற்றுக்கொண்டால் எந்த நேரமும் போகலாம். 2021-இலும் 2022-இலும் கேட்டுப் பார்த்ததில் மறுப்புதான், ஆனால் மறுத்தவர்கள் சொன்ன காரணங்கள் உபயோகமாக இருந்தன: ஒருவர் பாதுகாப்புக் கயிறு பயிற்சிக்கு எழுத்தில் ஆதாரம் கேட்டார், இன்னொருவர் துணை ஒப்பந்தக்காரர் சான்றிதழ்களைக் கேட்டார். அவற்றைக் கோப்பில் சேர்த்துக்கொண்டே வந்தோம். 2022 கடைசியில், அடுத்த வருட மாட் 0.98 என்று வந்ததும், அந்தப் பகுதியில் மட்டும் வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனி ஆளை அனுப்பியது. அவர் அலுவலகத்தில் உட்காரவே இல்லை, நேராக வேலை நடக்கும் வீட்டுக்குப் போய், ஏணி கூரை விளிம்புக்கு மேலே எவ்வளவு நீட்டியிருக்கிறது, கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்று பார்த்தார். பின்பு நேர அட்டைகளைக் கேட்டார்.

2023 ஜனவரி 1-இல் பூலை விட்டு வந்தார்கள். கூரைச் சம்பளம் 2,60,000-க்கு விகிதம் 20, தச்சுச் சம்பளம் 70,000-க்கு 8, மாட் 0.98, மொத்தம் 56,448. முதல் வருடம் தள்ளுபடி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நிபந்தனையும் போட்டார்கள்: சான்றிதழ் இல்லாத துணை ஒப்பந்தக்காரர் ஒருவர் ஆடிட்டில் தென்பட்டாலும் அடுத்த வருடம் புதுப்பிக்க மாட்டோம் என்று. முதலாளி அதை அச்சடித்து மேஸ்திரியின் வண்டியில் ஒட்டி வைத்திருக்கிறார்.